பத்து மணிக்கு நிற்கும் எடைமேடை

தஹ்ஸீனின் திரையில் எல்லாம் பச்சையாகத்தான் இருந்தது. வந்த கம்ப்யூட்டர் புகார்கள் அத்தனையும் கெடுவுக்குள் முடிந்திருந்தன. அப்படியிருந்தும் மேலாளர் சுப்பராயலு வந்து நின்றார்.

"தோல் லாரி வாசல் வரைக்கும் வந்துட்டுத் திரும்பிப் போவுதும்மா. கேட்டா கம்ப்யூட்டர் நின்னுடுச்சிங்கறாங்க. ஒங்க டெஸ்க்க மூடிட்டு, வேலைய சென்னை கம்பெனிக்குக் குடுத்துடலாங்கறாரு எம்.டி."

காடாம்புலியூர்ப் பக்கம் உடைக்கும் முந்திரியின் தோலை வாங்கி எண்ணெய் பிழியும் ஆலை அது, கடலூர் சிப்காட்டில். தோல் வராவிட்டால் எண்ணெய் இல்லை. தஹ்ஸீனுக்கும் அவளோடு இருந்த இருவருக்கும் கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் அந்த டெஸ்க்தான் சோறு. ஆனால் வாசலில் லாரிகளை எடைபோடும் எடைமேடையிலிருந்து ஒரு புகார்கூட வந்ததில்லையே, எப்படி? அவளுக்குப் பிடிபடவில்லை.

மறுநாள் பரங்கிப்பேட்டை பஸ்ஸிலிருந்து இறங்கியவள் நேரே எடைமேடைக்குப் போய், அங்கே சீட்டுப் போடும் அமிர்தத்தின் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"என்னா தஹ்ஸீன், ஏசிய வுட்டுட்டு எங்க தூசிக்கு வந்துட்ட?"

"வேல போறதுக்குள்ள ஊரச் சுத்திப் பாத்துடலாம்னுக்கா."

பத்து மணிக்கு, மேடையில் லாரி நிற்கும்போதே திரை உறைந்தது. பின்னால் ஹாரன்கள் அலறின.

"யக்கோவ், பொட்டியில உசுரு இருக்கா?" என்றார் ஓட்டுநர் இளவரசு. கடைசியில் நின்ற லாரி பின்வாங்கி, எதிர் ஆலைப் பக்கம் திரும்பியது.

"ஏன்க்கா எங்களக் கூப்புடல?"

"கூப்ட்டா நம்பர் குடுப்பீங்க. ஆபீசர் லேப்டாப்பெல்லாம் முடிஞ்சி எங்க மொறை வர்றதுக்குள்ள இதுவே எழுந்துக்கும். அப்புறம் எதுக்கு?"

பத்து மணிக்கு என்ன நடக்கிறது? நினைத்ததுமே தஹ்ஸீனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சர்வர் தன்னிடமுள்ள கணக்கையெல்லாம் நகலெடுக்கும் நேரம் அது. நகல் ஓடும்போது எடைச்சீட்டு உட்பட மற்ற வேலைகள் வழி கிடைக்காமல் காத்திருக்க வேண்டும். முன்பு இரவில் ஓடியது. காவலாளி மெயினை அணைத்துவிடுவார், நகல் பாதியில் அறுந்துபோகும். அதனால் அவள்தான் பத்து மணிக்கு மாற்றினாள். அப்போது அலுவலகம் முழுக்க மீட்டிங்கில் இருக்கும், கம்ப்யூட்டர்கள் சும்மா கிடக்கும். அலுவலகத்தின் ஓய்வை ஆலையின் ஓய்வென்று எடுத்துக்கொண்டாள். விடியலில் தோல் ஏற்றிய லாரிகள் வந்து சேருவதும் அதே பத்து மணிக்குத்தான்.

சுப்பராயலுவிடம் போய் எல்லாவற்றையும் சொன்னாள். "யாரு கூப்புடுறாங்கன்னு பாத்து வேல செஞ்சோம் சார். எது நின்னா லாரி நிக்கும்னு பாக்கல."

"அப்ப என் லேப்டாப்பு?"

"அது நின்னா லாரி நிக்குமா சார்?"

அவர் தாடையைத் தடவினார். "நிக்காதுதான். சரி, செஞ்சி காட்டு. ஒரு வாரம் பாக்கச் சொல்லி எம்.டி.கிட்ட நான் பேசுறேன்."

அன்று முதல் நகல், வாசல் மூடிய பிறகு, டெஸ்க்காரர்கள் வீட்டுக்குக் கிளம்புமுன் ஓடியது. எது நின்றால் லாரி நிற்குமோ அந்தப் புகார் முதலில். அலுவலக லேப்டாப்புகள் அதற்குப் பிறகு. மறுநாள் பத்து மணிக்கு மாடியில் மீட்டிங் தொடங்கியது. கீழே லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாக மேடையேறி, சீட்டு வாங்கிக்கொண்டு உள்ளே போயின.