ஜாடியின் அடிப்பக்கம்

கண்காட்சிக் கூடத்தின் கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனதும் தையல்காரியின் நடை தானாக மெதுவாகியது. வெளியே அத்தனை ஹாரன் சத்தம். உள்ளே மூச்சு விடுவதுகூடக் கேட்டது. வெள்ளைப் பலகைகளின் மேல் கிண்ணங்களும் கோப்பைகளும் ஜாடிகளும் இருந்தன. கூரைக் கண்ணாடி வழியே இறங்கிய வெயில் ஒவ்வொன்றின் விளிம்பிலும் கொஞ்சம் தங்கிவிட்டுப் போனது.

எல்லாம் அவள் தங்கை செய்தவை. "மண்ணைப் பிசைஞ்சு என்னத்தைக் கிழிக்கப் போறே?" என்று அக்கா ஒரு நாள் வாய்தவறிக் கேட்டுவிட்டாள். வாய்தவறி என்ன, வேண்டுமென்றேதான். அன்றைக்குத் துணிமணியை எடுத்துக்கொண்டு போனவள்தான் தங்கை; வருஷம் இரண்டாகியும் பேச்சில்லை. அக்கா மட்டும் லேசுப்பட்டவளா? வீம்பு விடவில்லை. இன்றும் சும்மா பார்க்க வந்ததாகத்தான் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். பொய். தங்கை ஒரு வார்த்தை பேசமாட்டாளா என்று வந்தாள். இன்று பேசாவிட்டால் இனி எப்போதுமே இல்லை என்று பயந்தாள்.

தங்கையைக் காணோம். அக்கா பலகை பலகையாக அலைந்தாள். ஒரு நீலக் கிண்ணத்துக்குள் எட்டிப் பார்த்தால், மழை விட்ட சாயங்காலம் அப்படியே உள்ளே கிடந்தது. எவ்வளவு நேரம் நின்றாளோ, தைக்கக் கிடக்கும் சட்டைகளெல்லாம் மறந்தே போயின. பெருமையாக இருந்தது, அழுகையும் வந்தது.

பச்சை ஜாடி ஒன்றின் முன்னால் வந்ததும் கை சும்மா இருக்கவில்லை. எந்தத் துணியானாலும் உள்பக்கத்தைத் திருப்பித் தையலைப் பார்த்த பிறகே நல்லது கெட்டது சொல்கிறவள் அவள். அதே பழக்கத்தில் ஜாடியைத் தூக்கி, பட்டென்று தலைகீழாகத் திருப்பினாள்.

ஜாடியின் மூடி விழுந்து சுக்குநூறாகியது.

கூடத்தில் இருந்தவர்கள் எல்லாரும் திரும்பினார்கள். அக்கா ஜாடியை மார்போடு அணைத்துக்கொண்டு திருதிருவென்று விழித்தாள். உள்ளறையிலிருந்து தங்கை ஓடிவந்தாள். கீழே கிடந்ததைப் பார்த்தாள், அக்காவைப் பார்த்தாள்.

"காலை நகத்தாதே, குத்திடும்."

அக்கா எடுத்த காலை அப்படியே நிறுத்தினாள். "இல்லடி... அடியில எப்படி இருக்குன்னு பார்க்கத்தான்..."

"எப்படி இருக்கு?"

அக்கா விரலால் தடவினாள். யாரும் பார்க்காத அந்த அடிப்பக்கம் வழவழவென்று இருந்தது.

"பிசிறே இல்ல."

"எப்படி இருக்கும்? நீ வந்தா திருப்பித்தானே பார்ப்பே." தங்கை மண்டியிட்டுச் சில்லுகளைப் பொறுக்க ஆரம்பித்தாள். தலை நிமிரவில்லை. "ரெண்டு வருஷமா ஒவ்வொண்ணையும் தேய்ச்சுத் தேய்ச்சு வைக்கிறேன்க்கா."