வாசலில் மாட்டிய படம்

கிருபாகரனின் ஓவியத்தை அதுவரை நின்று பார்த்த ஒரே ஆள் கொசு மருந்து அடிக்க வந்தவர்தான். அவரும் வெளியே புகை அடங்கட்டும் என்று நின்றவர்.

ஆவடியில் தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸ். பகலில் ஸ்டோர்ஸ் பிரிவில் குமாஸ்தா வேலை, மாலையில் பின்பக்க அறையில் கான்வாஸ். அவன் படங்களில் மரம் கிடையாது, மயில் கிடையாது, குடம் தூக்கும் பெண் கிடையாது. சாம்பல், கருஞ்சிவப்பு, அதன்மேல் இன்னொரு சாம்பல். பூசுவான், இரும்பு ஸ்கேலால் சுரண்டுவான், மறுபடி பூசுவான். எல்லாப் படத்திலும் கீழ் விளிம்புக்குச் சற்று மேலே முடி அகலத்துக்கு ஒரு மஞ்சள் கோடு இருக்கும். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றால்தான் அது கண்ணில் படும். பட்டுவிட்டால், அத்தனை கனமும் அந்தக் கோட்டின் மேல்தான் நிற்கிறது என்று புரியும்.

அப்படி நிற்க யாருக்குப் பொழுது?

"இதுல எந்தப் பக்கம் மேலே?" என்று கேட்பாள் மனைவி ஷோபனா, ஒட்டடை அடிக்கும்போது.

ஒருநாள் ரேஷ்மா கூப்பிட்டாள். நுங்கம்பாக்கத்தில் ஓவியக் கூடம் வைத்திருப்பவள். அவள் ஒருவனைக் கண்காட்சியில் சேர்த்தால் அவன் ஓவியன். சேர்க்காவிட்டால் அவன் பொழுதுபோக்குக்கு வரைபவன். கிருபாகரன் அனுப்பி வைத்திருந்த போட்டோக்களில் ஒன்று அவளைப் பிடித்து நிறுத்திவிட்டதாம்.

"கீழே அந்த மஞ்சள் கோடு. அதை எடுத்துட்டா படமே சரிஞ்சிடும், இல்லையா?" என்றாள்.

கிருபாகரன் கட்டிலில் உட்கார்ந்துவிட்டான். இத்தனை வருடத்தில் முதல் ஆள்.

"நேர்ல பார்க்கணும் மிஸ்டர் கிருபாகரன். நேர்லயும் இப்படியே இருந்தா இந்த வருஷக் கண்காட்சியில நீங்க உண்டு. படம் எங்க இருக்கு?"

"என் மச்சான் வீட்டுல மேடம். வேப்பம்பட்டு. வாசல்லயே மாட்டியிருக்காங்க."

"வாசல்லயா? அப்ஸ்ட்ராக்டையா?" ரேஷ்மா வியந்து போனாள். "அந்தக் குடும்பத்தை நான் பார்த்தே ஆகணும்."

மச்சான் என்பது ஷோபனாவின் அண்ணன் லட்சுமணன். அம்பத்தூரில் கிரில் கேட் பட்டறை வைத்திருப்பவன். வேப்பம்பட்டில் அவன் கட்டும் வீட்டுக்கு வாசக்கால் வைத்த அன்று மற்றவர்கள் பழத்தட்டோடு போனார்கள். கிருபாகரன் தன் படங்களிலேயே சிறந்ததைத் தூக்கிக்கொண்டு போனான், ஹாலில் மாட்டட்டும் என்று. அதன் பிறகு அவன் அந்தப் பக்கம் போகவில்லை. போய் வந்த ஷோபனாதான் சொன்னாள், "அண்ணன் உங்க படத்தை வாசல்ல மாட்டியிருக்கு. தெருவே பார்க்குது." அன்றைக்கு அவன் மறுசோறு வாங்கிச் சாப்பிட்டான்.

ஞாயிற்றுக்கிழமை கிரகப்பிரவேசம். அன்றைக்கே வருவதாக ரேஷ்மா சொல்லிவிட்டாள்.

ரயிலை விட்டு இறங்கித் தெருமுனை திரும்பியதும் கிருபாகரன் நின்றுவிட்டான்.

புது வீட்டின் முகப்பில், மாடிக் கைப்பிடிச் சுவரிலிருந்து அவன் படம் தொங்கியது. ஒரு பக்கம் பூசணிக்காய். மறுபக்கம் பழைய செருப்பு. மேலே எலுமிச்சம்பழமும் மிளகாயும் கோத்த கயிறு. மழை குடித்துக் குடித்துத் துணி உப்பியிருந்தது. சாம்பலின் நடுவே வெள்ளை பெயிண்டில் இரண்டு முட்டைக் கண்கள். அதற்குக் கீழே நாக்கு. அதற்கும் கீழே, மஞ்சள் கோடு இருந்த இடத்தில், வரிசையாகப் பல்.

"திருஷ்டி பொம்மையா?" என்றான்.

ஷோபனா புடவைத் தலைப்பைத் திருகினாள். "சொன்னா வருத்தப்படுவீங்கன்னு..."

"தெருவே பார்க்குதுன்னு சொன்னியே!"

"பார்க்கத்தானே செய்யுது?"

அதற்குள் லட்சுமணன் பட்டு வேட்டியில் வந்துவிட்டான். பின்னாலேயே சொந்தக்காரர்கள்.

"இன்னா மாப்ளே, இப்பதான் வழி தெரிஞ்சுதா? வா, வா. உன் படம் சும்மா சொல்லக் கூடாது. மேஸ்திரி பார்த்துட்டு, அண்ணாத்தே இதைப் பார்த்தா வயித்தைக் கலக்குதுன்னான். அப்பவே முடிவு பண்ணிட்டேன், ஊர்க் கண்ணுக்கு இதான் கரெக்ட்டு."

"மச்சான், அது ஹாலுக்குன்னு கொடுத்தது."

"ஹால்ல மாட்டினா எம் பேத்தி ஜுரத்துல படுத்துக்கும்." சிரிப்பு கிளம்பியது. "ஒரே ஒரு கொறை. மூஞ்சி இல்ல. கண்ணு இல்லாத பொம்மை எப்படிப்பா கண்ணை எடுக்கும்? கேட்டுக்கு அடிச்ச பெயிண்ட் மிச்சம் கெடந்துச்சு, நானே போட்டுட்டேன். எப்படி?"

"உன் கைக்கு இன்னா கொறைச்சல் மாமே!" என்று யாரோ கத்தினார்கள்.

"இன்னொண்ணு கேளு மாப்ளே. எதிர்ச்சாரியில ஊடு கட்றவன் வந்து, இதேமாரி ஒண்ணு உங்க மாப்ளையாண்ட வாங்கிக் குடுன்னு கேட்டான். இத்தினி வருசமா வரைஞ்ச, இன்னிக்குத்தான் உன் படத்துக்கு ஒரு வேலைன்னு ஆயிருக்கு."

கிருபாகரன் மாடியை நிமிர்ந்து பார்த்தான். வேலைக்காரர்கள் ஏணி வைத்துப் படத்தை இறக்கிக்கொண்டிருந்தார்கள். அதுதான் வழக்கம். வீட்டில் பால் காய்ச்சியாயிற்று என்றால் திருஷ்டி பொம்மைக்கு வேலை முடிந்தது. பூசணிக்காயை உடைத்து, பொம்மையை முச்சந்தியில் எரித்துவிட வேண்டும்.

அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. "மச்சான், எரிச்சிடாதீங்க. அதைப் பார்க்க ஒருத்தங்க வர்றாங்க. கண்காட்சிக்கு."

"கேட்டுகினீங்களா?" லட்சுமணன் கூட்டத்தைத் திரும்பிப் பார்த்தான். "திருஷ்டி பொம்மைக்கு எக்ஸிபிஷனாம்!" கையில் கற்பூரப் பொட்டலத்தைப் பிரித்தபடியே சொன்னான், "சரி, கேக்குற விதமா கேளு. இது படம் இல்ல, பொம்மைதான்னு எல்லாரும் கேக்க ஒரு வாட்டி சொல்லு. எடுத்துகினு போ."

ஷோபனாவும் சிரிப்பை அடக்கிக்கொண்டு நின்றாள். கிருபாகரனின் உதடு அசைந்தது. சொல்லியும் இருப்பான். அதற்குள் கார் வந்து நின்றுவிட்டது.

ரேஷ்மா இறங்கினாள். வெள்ளைப் பருத்திப் புடவை, பெரிய கண்ணாடி. தெருவில் சாய்த்து வைத்திருந்த படத்தின் எதிரே போய் நின்றாள். நின்றுகொண்டே இருந்தாள். கூட்டம் அடங்கியது. அவ்வளவு நேரம் ஒரு பொருளை ஒருத்தர் உற்றுப் பார்ப்பதை அந்தத் தெரு கண்டதில்லை.

'முடிந்தது' என்று நினைத்தான் கிருபாகரன்.

"பிரமாதம்" என்றாள் ரேஷ்மா.

"மேடம்?"

"போட்டோல இருந்தது அழகா இருந்துச்சு. அழகு எல்லாரும் பண்றாங்க. இது என்னை மிரட்டுது. அந்தப் பல்லுல எவ்வளவு திமிர் பாருங்க!"

"அந்த மஞ்சள் கோடு..." என்று இழுத்தான்.

"எந்தக் கோடு?" என்று கேட்டவள், நினைவு வந்து கையை அசைத்தாள். "ஓ, அதுவா. போனதே நல்லது. கொஞ்சம் கெஞ்சற மாதிரி இருந்துச்சு."

பிறகு குரலைத் தாழ்த்தினாள். "ஒண்ணு தெரியணும். கண்ணு, பல்லு, நாக்கு எல்லாம் உங்க கைதானே? வேற யாரோ கிறுக்கியிருந்தா இது பாழான படம், நான் தொட மாட்டேன். நீங்களே பண்ணதுன்னா இதைத்தான் கண்காட்சியில முதல் சுவர்ல மாட்டுவேன்."

லட்சுமணன் இரண்டடி தள்ளித்தான் நின்றிருந்தான். கற்பூரம் கையில் இருந்தது.

கிருபாகரன் தன் படத்தைப் பார்த்தான். முட்டைக் கண்கள் அவனைத் திருப்பிப் பார்த்தன.

"நான்தான் மேடம்" என்றான்.

லட்சுமணன் காட்டிக்கொடுப்பான் என்று அவன் எதிர்பார்த்தான். லட்சுமணனோ புன்னகையோடு அருகில் வந்து அவன் தோளில் கை போட்டான்.

"மாப்ளைதான் மேடம் போட்டாரு. பக்கத்துல நின்னு நானே பார்த்தேன்." தோளை அழுத்தினான். "இன்னா மாப்ளே?"

"ஆமாம் மச்சான்."

"இந்த வரிசையில இன்னும் நாலு வேணும்" என்றாள் ரேஷ்மா. "இருக்கா?"

"இருக்கு மேடம்."

படம் காரில் ஏறியது. எலுமிச்சம்பழக் கயிற்றையும் கேட்டு வாங்கிக்கொண்டு போனாள்.

இருக்கத்தான் செய்தது. குவார்ட்டர்ஸ் அறையில் நல்ல படங்களாக நான்கு, நான்கிலும் மஞ்சள் கோடு. கிருபாகரன் கடைக்குப் போய் கேட் பெயிண்ட் டப்பா ஒன்று வாங்கி வந்தான். முதல் படத்தின் முன் உட்கார்ந்து நெடுநேரம் யோசித்து, கண் வரைந்தான். பல் வரைந்தான். ஒவ்வொரு பல்லுக்கும் ஓரத்தில் மெல்லிய நிழல் விழுந்தது. அவன் வேண்டுமென்று போடவில்லை. கை அப்படித்தான் பழகியிருந்தது. போட்டோ எடுத்து அனுப்பினான்.

உடனே பதில் வந்தது. "இது படிச்சவன் வரைஞ்ச பல். எனக்கு வாசல்ல இருந்த பல் வேணும். இது வேண்டாம்."

துணியைத் தின்னரில் நனைத்துத் துடைத்தான். பல் அழிந்தது. அதோடு மஞ்சள் கோடும் சாம்பலும் சேர்ந்து வந்து, படம் முழுக்கச் சேறானது. அதைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்தான்.

மிச்சம் மூன்று. அடுத்ததை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு தூரிகையைத் தொட்டான். கை போகவில்லை. திமிராக ஒரு கோடு இழுக்க முயன்று காகிதத்தில் பழகிப் பார்த்தான். அடக்கமாகவே வந்தது.

போனை எடுத்தான். "மச்சான், கொஞ்சம் வர முடியுமா?"

லட்சுமணன் மறுநாள் காலையே பட்டறைக்குப் போகும் வழியில் வந்தான். அறை நடுவில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, செருப்புக் காலை நீட்டிக்கொண்டான். ஷோபனா அண்ணனுக்கு நுரை பொங்கக் காபி கொண்டு வந்து வைத்தாள்.

"இன்னா மாப்ளே, பெரிய ஆர்ட்டிஸ்ட்டு ஆயிட்ட, ஸ்டாண்டு கூட இல்லியா? சரி, நீயே புடிச்சிக்க. ஆடாத."

கிருபாகரன் தரையில் முழங்காலிட்டு, படத்தை மார்போடு சேர்த்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். லட்சுமணன் பிரஷ்ஷை டப்பாவில் முக்கி, காபியை உறிஞ்சிக்கொண்டே ஒரே இழுப்பில் ஒரு கண் போட்டான். இன்னொரு கண். பொம்மை விழித்துக்கொண்டது. வாசலில் இருந்த அதே விழிப்பு.

"அண்ணனுக்கு எப்படி வருது பாருங்களேன்" என்றாள் ஷோபனா, மனசாரத்தான்.

நாக்கும் முடிந்தது. லட்சுமணன் குனிந்து பார்த்து முகத்தைச் சுளித்தான்.

"கீழ இன்னாது, மஞ்சளா ஏதோ கோடு? பல்லுக்குக் குறுக்கால வருது. மேலயே அடிச்சுடட்டா?"

பெயிண்ட் சொட்டும் பிரஷ் காத்திருந்தது. கிருபாகரன் படத்தை அசையாமல் பிடித்துக்கொண்டு அதன் மேல் விளிம்பில் தாடையை ஊன்றினான்.

"அடிங்க மச்சான்" என்றான்.