கோழிக்குஞ்சு: ஒன்று

மார்ச் 9, ஞாயிறு

நேற்றைய பட்டியலில் ஒரு தவறு. அட்டைப்பெட்டி, பல்பு, வெப்பமானி, தீவனம், அவரை விதை, மண்வெட்டி என்று பதினோரு சாமான்களை யோசித்து யோசித்து எழுதியவன், கடைசியில் 'கோழிக்குஞ்சு: ஒன்று' என்று எழுதியிருக்கிறேன். நான் ஒரு ஆள், ஒன்று போதும் என்று கணக்கு.

தீவனக் கடைக்காரர் அப்போதே சொன்னார். "ஒண்ணா? ஒத்தைக் குஞ்சு கத்திக் கத்தியே போயிடும்பா. நாலா எடுத்துக்கோ."

வியாபாரப் பேச்சு என்று சிரித்துவிட்டு வந்தேன். இன்று விடிந்ததிலிருந்து கத்துகிறது. பெட்டியருகே உட்கார்ந்தால் நிறுத்துகிறது. எழுந்தால் மறுபடி ஆரம்பிக்கிறது. கடைக்குத் திரும்ப ஓடினேன். எல்லாம் விற்றுப்போய்விட்டது. அடுத்த லோடு வர மூன்று வாரமாகுமாம்.

மார்ச் 11, செவ்வாய்

வெப்பம் சரி. தண்ணீர் சரி. பல்பைச் சங்கிலியில் தொங்கவிட்டேன். மாலை வகுப்பில் படிக்கிற வயரிங் இதற்காவது உதவியது. தீவனம்தான் போட்டது போட்டபடியே இருக்கிறது.

காலை எட்டுக்குக் கிளம்பி, மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் அரைத்துவிட்டு, அங்கிருந்தே வகுப்புக்குப் போய் வீடு திரும்ப ஒன்பதாகிறது. பதின்மூன்று மணி நேரம் அது தனியாக. வாடிக்கையாளர் முகம் பார்க்கும் சின்னக் கண்ணாடி ஒன்றைக் கடையில் இரவல் வாங்கி வந்து பெட்டிக்குள் வைத்தேன். அதன்மேல் சாய்ந்து தூங்குகிறது. ஏமாற்று வேலையாகத்தான் படுகிறது. ஆனால் சத்தமில்லை.

மார்ச் 12, புதன்

மூக்குக்கண்ணாடிக் கடைக்கு இன்று விடுமுறை. குஞ்சைச் சமையல் தராசில் நிறுத்தேன். வாங்கிய அன்றைவிட மூன்று கிராம் குறைவு. இரண்டு முறை நிறுத்தும் அதேதான்.

குளிர் விட்டுப் பத்து நாளாயிற்று, மண் இளகியிருக்கிறது. பின்புறம் அவரைக்குப் பாத்தி வெட்டினேன். குஞ்சை வெளியே விட்டால் மண்வெட்டி ஓங்கும்போதெல்லாம் காலடியில் வந்து நிற்கிறது. பாதிப் பாத்திக்கே இரண்டு மணி நேரம். இந்த வீட்டுக்கு வந்த இரண்டு மாதத்தில் நான் இவ்வளவு பேசியதில்லை. எல்லாம் அதனிடம்தான்.

சுவருக்கு அப்பால் பக்கத்து வீட்டு அக்கா நின்றிருந்தார். பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். இதுவரை தலையாட்டியதோடு சரி.

"யாருகிட்ட தம்பி பேசற? விருந்தாளி வந்திருக்காங்களோன்னு பார்த்தேன்."

"குஞ்சுகிட்டக்கா."

"ஒண்ணே ஒண்ணா? கோழி வளர்க்கறியா, தவம் பண்றியா?" எட்டிப் பார்த்தவர் முகம் மாறியது. "இறக்கை தொங்குதே. இப்படியே விட்டா தேறாதுப்பா. எங்க கோழி முந்தாநாள்தான் ஏழு குஞ்சு பொரிச்சிருக்கு. இருட்டினதும் அதுக்கடியில விட்டா தன்னோடதுன்னு சேர்த்துக்கும். பகல்ல விட்டா கொத்திடும்."

"தேறினதும் எடுத்துக்கலாமாக்கா?"

"எடுத்துக்கோ. அப்ப அதுக்கு நீ யாரோ."

ஒரு தாளை இரண்டாக மடித்து இரு பக்கமும் காரணங்கள் எழுதினேன். 'வைத்துக்கொள்ள' என்ற பக்கத்தில் இருந்தவையெல்லாம் எனக்கு வேண்டியவை. வகுப்புக்கு முதல்முறையாக மட்டம் போட்டேன்.

இருட்டியதும் அக்கா டார்ச்சைத் தரையைப் பார்த்துப் பிடித்தார். "பின்பக்கமா விடு. மெதுவா." கோழியின் வயிறு நான் நினைத்ததைவிடச் சூடு. கையை எடுத்ததும் குஞ்சு ஒருமுறை கத்தியது. கோழி அடித்தொண்டையில் ஏதோ சொன்னது. அவ்வளவுதான்.

மார்ச் 13, வியாழன்

வேலைக்குப் போகுமுன் சுவரோரம் நின்று பார்த்தேன். கோழிக்குப் பின்னால் எட்டு. எட்டும் மஞ்சள், எட்டும் ஓடுகின்றன.

"அக்கா, இதுல என்னோடது எது?"

"என்னைக் கேட்டா? அஞ்சு நாள் குடித்தனம் பண்ணவன் நீ!"

நடுவில் நின்ற ஒன்றைக் காட்டினேன். "அதேதான், நல்லா திங்குது" என்றார். சரியாகச் சொன்னேனா என்று தெரியவில்லை. நான் பேசிய குரலுக்கு எதுவும் திரும்பிப் பார்க்கவில்லை.

நாளை: வேலைக்குப் போகுமுன் மீதிப் பாத்தியை வெட்டி, அவரை விதை ஊன்ற வேண்டும்.