கூரையில் இடித்த பென்சிலும் டார்லாவின் மூன்றாவது ஊசியும்

1.

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை ஒரு பென்சில் கூரையில் இடித்ததில் பிறந்தது. வடக்கு டகோட்டாவில், மைனாட் ஊருக்கு வெளியே உள்ள எங்கள் துப்பாக்கி கிளப்பின் சமையலறையில் அது இடித்தது. நான் அங்கே கதை தேடிப் போகவில்லை, எலுமிச்சை பார் என்ற இனிப்புத் துண்டு தின்னப் போனேன். தலையில் பென்சில் விழுந்தது. எழுதுகிறவனுக்கு இதைவிட வெளிப்படையான சமிக்ஞை கிடைக்காது.

முதலில் இப்படித் தொடங்கினேன்:

"பனி உருகிய ஏப்ரல் காலையில் டார்லா ஹௌகன் தன் விதியைக் கையில் எடுத்து—"

அடித்துவிட்டேன். ஏப்ரலில் இங்கே பனி உருகாது. டார்லா பல் மருத்துவமனையில் பல் சுத்தம் செய்பவள். அவளுக்கு விதி கிடையாது, அப்பாயின்ட்மென்ட்தான் உண்டு.

2.

விஷயம் சின்னது. தோட்டாவின் பின்புறத்தில் பிரைமர் என்று ஒரு சின்னக் கிண்ணம் இருக்கும். துப்பாக்கிக்குள் இருக்கும் ஃபயரிங் பின், அதாவது ஊசி, அதைக் குத்த வேண்டும். பலமாகக் குத்தினால் வெடிக்கும். மெதுவாகக் குத்தினால் 'டிக்' என்று சத்தம் வரும், அதோடு சரி.

போன வருடம் மாநிலப் போட்டியில் டார்லாவின் துப்பாக்கி அந்த 'டிக்'கைச் சொன்னது. ஒரே ஒரு முறை. மாநில அணியில் இடம் போனது. இந்த வருடமும் அணியில் பெண்களுக்கு இரண்டே இடம். அவளுக்கு வேண்டியது அதில் ஒன்று.

(டார்லா சுடுவதை நீங்கள் பார்த்ததில்லை என்பதால் சொல்கிறேன். அவள் அவசரப்பட்டு நான் பார்த்ததே இல்லை. இலக்காக நிற்கும் ஆறு இரும்புத் தட்டுகளும் தாங்களாகவே வெட்கப்பட்டு விழுவதுபோல் விழும். இந்த உவமையை எடுத்துவிடச் சொன்னார்கள். எடுக்க மாட்டேன்.)

3.

'டிக்'குக்குக் காரணம் எல்லோருக்கும் தெரியும். அவள் அண்ணன் ஓரின், விசை, அதாவது ட்ரிகர், வெண்ணெய்போல் இழுபட வேண்டும் என்று, ஊசியை அடிக்கும் சுத்தியலின் ஸ்ப்ரிங்கை எடுத்துவிட்டு, மெலிந்த ஒன்றைப் போட்டுக் கொடுத்திருந்தான். அவள் பிறந்தநாளுக்கு. ஸ்ப்ரிங் மெலிந்தால் அடியும் மெலியும்.

பழைய ஸ்ப்ரிங்கைத் திரும்பப் போட்டால் வேலை முடிந்தது. ஆனால் எங்கள் ஊரில் ஒருவர் தன் கையால் சீர்செய்து கொடுத்த விசையை மாற்றுவது, அவர் அடுப்பில் சுட்டுக் கொண்டுவந்த கேசரோல் பதார்த்தத்தை அவர் கண்ணெதிரே நாய்க்கு வைப்பதுபோல. அதனால் டார்லா ஸ்ப்ரிங்கைத் தொடாமல் ஊசிகளாக வாங்கினாள். முதலில் டைட்டேனியத்தில் எடை குறைந்த ஊசி. பிறகு முனை வட்டமான எஃகு ஊசி. பிறகு, நுனி கொஞ்சம் கூடுதலாக வெளியே நீளும் நீள ஊசி. ஒவ்வொன்றுக்கும் கிளப்பில் ஒரு கட்சி இருந்தது. கட்சிகள் ஒரே மேஜையில் காப்பி குடிப்பதில்லை.

பென்சில் இங்கேதான் வருகிறது. துப்பாக்கி காலி என்று இரண்டு பேர் பார்த்த பிறகு, துப்பாக்கிக் குழாயில் பென்சிலை ரப்பர் பக்கம் கீழே இருக்கும்படி போட்டு, குழாயை மேலே பார்க்கப் பிடித்து விசையை இழுப்பார்கள். ஊசி எவ்வளவு பலமோ, பென்சில் அவ்வளவு உயரம்.

"பாத்தியா குட்டி! கூரையில இடிக்குது. இன்னும் என்ன வேணும் ஒனக்கு?" என்றான் ஓரின்.

"பென்சிலுக்கு இது போதும். நான் பென்சிலையா சுடப்போறேன்?"

"நீள ஊசி போட்டாச்சுல்ல. அதுக்கு மேலயும் வெடிக்கலேன்னா தோட்டா மேலதான் தப்பு."

"தோட்டா யாரு செஞ்சது?"

ஓரின் காப்பியைக் கலக்கினான். தோட்டாவும் அவன் செய்ததுதான்.

சமையலறையை ஆளும் மார்லிஸ் அடுப்பிலிருந்து திரும்பாமலே சொன்னாள்: "அண்ணனுக்கும் தங்கச்சிக்கும் என் கூரைதானா கெடைச்சுது? ஒங்க வீட்டுல கூரை இல்லியா?"

4.

இங்கே எனக்கு டார்லா மேல் சந்தேகம் வந்தது. இவ்வளவு கூர்மையான பெண் ஒரு ஸ்ப்ரிங்கைத் தவிர்க்க மூன்று ஊசி வாங்குவாளா? கதைக்காக அவளை நான் முட்டாளாக்குகிறேனா? கேட்டேவிட்டேன்.

"மூணாவது ஊசி நல்ல ஊசிதான்," என்றாள். "நெறைய வாட்டி வெடிக்குது. எனக்கு எல்லா வாட்டியும் வெடிக்கணும்."

"அப்போ ஸ்ப்ரிங்க மாத்துவியா?"

"நீ இத எழுதப் போறியா?"

"இல்ல."*

* எழுதிவிட்டேன்.

போட்டிக்கு முந்தின நாள் நீள ஊசியை அப்படியே வைத்துக்கொண்டு, ஓரினின் ஸ்ப்ரிங்கைக் கழற்றிப் பழையதைப் போட்டாள். விசை கனத்தது. விரல் பழகுவதற்கு ஒரே ஒரு மாலைதான். அவனிடம் சொல்லவில்லை.

5.

முடிவுகள். ஒன்றில், கனத்த விசையில் கை இறங்கி, கடைசித் தட்டு விழாமல் நின்றுவிடுகிறது. இது நீதிக்கதை, கிழித்தேன். இன்னொன்றில் அவள் முதலிடம் பெற்று எல்லோரும் கைதட்டுகிறார்கள். இது விளம்பரம், இதையும் கிழித்தேன். நடந்தது இரண்டாமிடம். அணியில் இடம் கிடைத்தது. ஆனால் அது முடிவுப் பலகையில் ஏறுவதற்கு முன்பே கதை முடிந்துவிட்டது. எப்படி என்றால்:

கடைசிச் சுற்று. எல்லாம் வெடித்தது. எல்லாம். தட்டுகள் விழுந்தன. நடுவர் வழக்கம்போல, "காலியா இருந்தா சுத்தியல இறக்குங்க," என்றார். காலித் துப்பாக்கியை மண்மேட்டைப் பார்த்துப் பிடித்து விசையை இழுத்துக் காட்ட வேண்டும். யாருக்கும் விலக்கு இல்லை.

டார்லா இழுத்தாள்.

'டக்.'

'டிக்' இல்லை. பின்னால் நின்ற ஓரினின் காதுக்கவசம் வெடியை அடக்கி, சின்னச் சத்தத்தைப் பெரிதாக்கும் ரகம். தன் ஸ்ப்ரிங்கின் சத்தம் அவனுக்கு மனப்பாடம்; இது அது இல்லை. வாயில் இருந்த எலுமிச்சை பார் மெல்லப்படாமல் நின்றது. முகம் முதலில் சுருங்கியது; பிறகு விழுந்து கிடந்த தட்டுகளைப் பார்த்தது; பிறகு விரிந்தது. விழுங்கினான். ஏதோ ஒன்று சொன்னான்.

[அவன் சொன்ன வாக்கியத்தை ஆறு விதமாக எழுதிப் பார்த்தேன். ஆறும் என் வாக்கியமாகவே இருந்தன. பக்கத்தில் நின்ற எனக்கும் காது அடைத்திருந்தது.]

டார்லாவுக்கும் கேட்கவில்லை. துப்பாக்கியை உறையில் போட்டாள். கவசத்தைக் கழற்றினாள். உள்ளே இருந்த பஞ்சடைப்புகளையும் ஒவ்வொன்றாக எடுத்தாள். அவனுக்கு நேராகத் திரும்பினாள்.

"என்ன சொன்னே? இன்னொரு வாட்டி சொல்லு."

உங்களுக்கு அண்ணனோ தங்கையோ இருந்தால் இந்த இடத்துக்கு என்னைவிட நீங்கள் பொருத்தம். அவன் என்ன சொன்னான்? நீங்களே சொல்லுங்கள். அவள் காத்துக்கொண்டிருக்கிறாள்.