ஆளுக்கு மூன்று சுற்று

பழைய டிராக்டர் சங்கத்தில் ஒரு சட்டம் உண்டு. வருடாந்தரக் கண்காட்சியில், முன்னால் கைப்பிடியைச் செருகி மூன்று சுற்றுச் சுற்றுவதற்குள் எஞ்சின் உயிர் பெற வேண்டும்; பெற்றால் கடைசியில் நடக்கும் ஊர்வலத்தில் இடம் உண்டு. நடுவில் ஸ்பேனரைத் தொடக்கூடாது. தவறினால் வண்டி மைதானத்து ஓரத்திலுள்ள 'மௌன வரிசை'க்குத் தள்ளப்படும். அப்புறம் ஒரு வருடத்துக்குப் பார்க்கிறவர்களெல்லாம் சொந்தக்காரரிடம் துக்கம் விசாரிப்பார்கள்.

தையல்காரம்மாவுக்கு இந்தச் சட்டம் ரொம்பப் பிடிக்கும். அதை வைத்துத்தான் கணவரை மடக்கியிருந்தாள்.

வீட்டுக்குப் பின்னாலிருந்த கொட்டகை முழுவதையும் அவருடைய டிராக்டர் அடைத்துக்கொண்டிருந்தது. அவளுடைய மெஷின்களோ படுக்கையறையில். புரண்டு படுத்தால் முதுகில் குண்டூசி, தலைமாட்டில் யாருடைய கால்சட்டையோ.

"இந்தத் தடவை ஸ்டார்ட் ஆச்சுன்னா கொட்டகை உங்களுக்கு. ஆகலைன்னா வண்டி போயிடணும், கொட்டகை எனக்கு. சம்மதமா?"

"சம்மதம்," என்றார் கணவர். பேக்கரி வைத்திருப்பவர். "ரெண்டு வருஷமா கழட்டி மாட்டியிருக்கேன். என் தங்கம் என்னைக் கைவிடாது," என்று எஞ்சினைத் தட்டிக் கொடுத்தார். கட்டின மனைவியை ஒரு நாளாவது அப்படிக் கூப்பிட்டிருப்பாரா?

சங்கத் தலைவர் மீசைக்காரருக்கு அந்த வண்டிமேல் வெகுநாளாக ஒரு கண். தோற்றால் அவரே வாங்கிக்கொள்வதாகப் பேச்சு. கண்காட்சிக்குத் தள்ளி ஏற்றிப் போக லாரியும் அவருடையதுதான். "போறப்ப தம்பி வண்டி, வர்றப்ப என் வண்டி," என்று மீசையை நீவிக்கொண்டார்.

கண்காட்சி நாள் வந்தது. மைதானமெங்கும் புகை, பெயின்ட் வாசனை, படபடவென்று சத்தம். பேக்கரிக்காரர் சட்டைக் கையை மடித்துவிட்டுக் கைப்பிடியைப் பிடித்தார்.

முதல் சுற்று. வண்டி லேசாகத் தும்மியது. இரண்டாவதற்கு அதுகூட இல்லை. மூன்றாவதற்கு அவருடைய இடுப்புதான் சத்தம் போட்டது.

"மாவு பிசையற கையை எஞ்சின்ல வெச்சா இப்படித்தான் தம்பி," என்றார் மீசைக்காரர். "ரெண்டு வருஷமா கழட்டினீங்க, சரி. திருப்பி மாட்டினீங்களா?"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. பேக்கரிக்காரர் துணியை எடுத்துக் கைப்பிடியை மெதுவாகத் துடைக்க ஆரம்பித்தார்.

தையல்காரம்மா துள்ளிக் குதித்திருக்க வேண்டும். கொட்டகைச் சுவருக்கு என்ன நிறம் என்பதுவரை முடிவு செய்து வைத்திருந்தாள். ஆனால் முடியவில்லை. வண்டி ஏன் கிளம்பவில்லை என்பது அந்த மைதானத்தில் அவள் ஒருத்திக்குத்தான் தெரியும்.

நேற்று மத்தியானம், அவர் பேக்கரியில் இருந்தபோது, கொட்டகையை அளந்து பார்க்க ஆசைப்பட்டு டிராக்டரை அவளே வெளியே எடுத்தாள். பெட்ரோலில் கிளம்பி, சூடானதும் மண்ணெண்ணெயில் ஓடுகிற பழைய ரகம் அது. அவர் செய்வதைப் பார்த்துப் பார்த்துப் பழகியபடியே, எரிபொருள் குழாயை மண்ணெண்ணெய்க்குத் திருப்பினாள். அளந்து முடித்து, உள்ளே கொண்டுபோய் நிறுத்தினாள். அவருக்குச் சந்தேகம் வரக்கூடாதென்று குழாயைப் பழையபடி பெட்ரோல் பக்கம் திருப்பியும் வைத்தாள்.

வருகிற விருந்தாளிக்கெல்லாம் அவர் ஓதுகிற பாடத்தை மட்டும் மறந்துவிட்டாள். 'நிறுத்தறதுக்கு முன்னாடி பெட்ரோலுக்கு மாத்திக் கொஞ்ச நேரம் ஓட விடணும். இல்லைன்னா கார்புரேட்டர்ல மண்ணெண்ணெய் தங்கிடும். அப்புறம் ஆறின எஞ்சின் அசையாது.'

வாயை மூடிக்கொண்டிருந்தால் கொட்டகை அவளுக்கு. அவர் இன்னும் கைப்பிடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"என்னங்க, தப்பு உங்க மேல இல்லை," என்றாள் உரக்க. "நேத்து நான்தான் வண்டியை எடுத்தேன். மண்ணெண்ணெய்லயே நிறுத்திட்டேன்."

அவர் நிமிர்ந்தார். "நீ ஸ்டார்ட் பண்ணியா?"

"ம்."

"எத்தனை சுத்து?"

"ஒண்ணுதான்."

"கேட்டீங்களாய்யா? ஒரே சுத்து!" கூட்டத்தைப் பார்த்துக் கத்தினார். "ஒரே சுத்துல கிளம்பியிருக்கு!"

"அது நேத்து," என்றார் மீசைக்காரர். "இன்னைக்கு மூணு சுத்து முடிஞ்சுது. லாரியை எடுங்கப்பா."

சங்கச் செயலாளரான பல் டாக்டரம்மா மைக்கோடு குறுக்கே வந்தார். "அண்ணே, வண்டிக்கு மூணு சுத்து இல்லை, ஆளுக்கு மூணு சுத்து. போன வருஷம் உங்க வண்டியை உங்க மச்சான் சுத்தினப்ப நீங்களே சொன்னதுதான்."

"நானும் ஆளுதானே?" என்றாள் தையல்காரம்மா.

அவள் இன்னும் கைப்பிடியைத் தொடவில்லை. எனவே சட்டப்படி ஸ்பேனரைத் தொடலாம். கார்புரேட்டரின் அடித்திருகைக் கழற்றி மண்ணெண்ணெயை ஒழுகவிட்டாள். திருகை மாட்டிப் பெட்ரோலைத் திறந்தாள். கைப்பிடி உதைத்தால் கட்டைவிரல் போய்விடும் என்பதால், அதையும் மற்ற விரல்களோடு ஒரே பக்கமாக வைத்துப் பிடித்தாள்.

முதல் சுற்றுக்கு இருமல். இரண்டாவது சுற்றுக்கு டப்... டப்டப்... டபடபடப!

பேக்கரிக்காரர் ஒரே தாவலில் இருக்கையில் ஏறிவிட்டார். "கொட்டகை வண்டிக்குத்தான்!"

"அதெப்படி? உங்க கையில ஸ்டார்ட் ஆகலையே. கொட்டகை எனக்கு."

மீசைக்காரரின் முகம் மலர்ந்தது. "அப்போ வண்டி, தங்கச்சி?"

"என் கையில ஸ்டார்ட் ஆச்சுல்ல அண்ணா? வண்டியும் எனக்குத்தான். வீட்டு முன்னாடி கூரைக்கடியில நிக்கும்."

"அங்க என் கார் நிக்குதே!" என்று அலறினார் கணவர்.

"அது தெருவுல நிக்கட்டும். அதை யாரும் நின்னு பார்க்கப் போறதில்லை."

அவர் தயங்கித் தயங்கிக் கேட்டார். "வண்டியை நான் துடைச்சுக்கலாமா?"

"ஞாயித்துக்கிழமை மட்டும்," என்றாள் தையல்காரம்மா. "இப்போ இறங்குங்க. ஊர்வலத்துல நான்தான் ஓட்டப் போறேன்."