மௌனமும் ஒட்ட வேண்டும்

பேசுவதற்கு நயினாருக்குக் கூலி கிடைக்கிறது என்ற செய்தி வந்த அன்று ஆரியசாலைத் தெருவில் சிரிக்காதவர்கள் குறைவு. அழகியநம்பி அண்ணாச்சியின் மொத்த ஜவுளிக்கடையில் சரக்கு எடுத்துக் கொடுப்பவன் அவன். 'இருக்கு', 'இல்ல' என்ற இரண்டு சொற்களை வைத்துக்கொண்டே பல ஓணங்களைக் கடத்திவிட்டவன். மதியச் சோற்றுக்குப் பிறகு துணி மூட்டையில் சாய்ந்து ஏதாவது புத்தகம் படிப்பான். ஒரு பக்கம் படித்துவிட்டு அதைவிட அதிக நேரம் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பான்.

"என்னவே நயினாரு," என்றார் அண்ணாச்சி. "எங்கிட்ட இத்தன நாளும் ஓசியிலயா பேசிக்கிட்டிருந்தீரு? அதான் மிச்சம் பிடிச்சிருக்கீரு."

அந்த வேலை வந்த விதமும் சிரிப்புதான். கழக்கூட்டத்தில் ஒரு சிறிய ஸ்டூடியோ. கட்டட வேலைக்கு வரும் தமிழ்த் தொழிலாளர்களுக்குப் பாதுகாப்பு வீடியோக்கள் செய்து கொடுத்தது. முதலில் பேசியவர் செய்தி வாசிப்பதுபோலப் பேசினாராம். ஸ்டூடியோவைப் பார்த்துக்கொள்ளும் மலையாளப் பெண் ஷிஜா ஒருநாள் படுக்கை விரிப்பு வாங்க வந்தாள். அவள் கையிலிருந்ததைப் பார்த்து நயினார், "இது சாயம் போகும், வேண்டாம்" என்றான்.

"சேட்டா, அதை இன்னொரு தடவை சொல்லுங்க."

அண்ணாச்சிக்கு அந்த வாக்கியம் ஒருமுறை கேட்டதே போதும் என்றிருந்தது. ஷிஜாவுக்கு அது அவ்வளவு பிடித்துவிட்டது.

சோதனைக்கு மூன்று பாகங்களும் ஒரு மைக்கும் கொடுத்தாள். கடை மூடியிருக்கும் ஞாயிற்றுக்கிழமை காலையில், மாடியிலிருந்த சரக்குக் கிட்டங்கியில் நயினார் பதிவு செய்தான். நான்கு பக்கமும் கூரைவரை வேட்டி மூட்டைகள், துண்டுக் கட்டுகள். அங்கே பேசினால் சொல் போய் எங்கும் இடித்துத் திரும்பாது. கீழே கடையில் யாரும் அவனை ஒரு வாக்கியம் முடிக்க விட்டதில்லை. மைக் முடிக்கும்வரை கேட்டது. அவனுக்கு அந்த வேலை பிடித்துப்போனது. எவ்வளவு என்பதை வழக்கம்போல யாரிடமும் சொல்லவில்லை.

ஒவ்வொரு பாகத்தின் கடைசியிலும் பேசாமல் கொஞ்ச நேரம் அறையை மட்டும் பதிந்து அனுப்பச் சொல்லியிருந்தாள் ஷிஜா. வெட்டி ஒட்டும்போது இடைவெளியில் வைக்க அந்த மௌனம் வேண்டும். நயினார் தாராளமாக அனுப்பினான்.

"பேச்சைக் காட்டிலும் மௌனம் நீளமா இருக்கே சேட்டா!" என்று சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு இன்னொன்றும் சொன்னாள். "ஸ்கிரிப்ட் அனுப்பி ரெண்டு நாள் ஒரு பதிலும் இல்ல. வேற ஆளுக்குக் கொடுக்கப் போயாச்சு, அப்போ உங்க ஃபைல் வருது. நல்ல குரல் உள்ள ஆளுங்க இஷ்டம்போல உண்டு, கேட்டோ. சொன்னா சொன்னபடி தரும் ஆளைத்தான் நாங்க திரும்ப விளிக்கும். பாக்கிப் பாகமெல்லாம் யாருக்குன்னு ஓணம் கழிஞ்சு பார்க்கலாம்."

நயினாருக்கு இதில் தன் பிழை என்ன என்று முதலில் விளங்கவில்லை. செய்தி வந்ததும் படித்திருந்தான். சரி என்று மனதுக்குள் சொல்லியிருந்தான். மனதுக்குள் சொன்னதைச் சொல்லிவிட்டதாகவே எண்ணுவது அவன் பழக்கம்.

"அந்தப் பிள்ளைக்கு ரெண்டு நாளுதான்," என்றாள் அவன் மனைவி பொன்செல்வி. "எனக்குக் கல்யாணம் ஆனதுலேருந்து படிச்ச நீலக் குறி மட்டுந்தான்."

ஓணம் கழிந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் ஷிஜாவின் செய்தி வந்தது. ஹெல்மெட் பாகத்தில் இரண்டு வரிகளை மாற்ற வேண்டும். பழைய பதிவின் நடுவில் ஒட்டுவதால் அதே சத்தத்தில் வேண்டும். மதியத்துக்குள் வேண்டும்.

'சரி' என்று இந்தமுறை உடனே பதில் போட்டான். காய் வாங்கச் சாலைக் கடைத்தெருவுக்குப் புறப்பட்டிருந்த பொன்செல்வியும் கூடவே வந்தாள். மிச்சச் சரக்கைப் பார்க்க அண்ணாச்சி கடையைத் திறந்து வைத்திருந்தார். மாடிக்குப் போய்க் கிட்டங்கிக் கதவைத் திறந்தபோதுதான் நயினாருக்கு உறைத்தது. ஓண விற்பனையில் மூட்டைகளை எடுத்து எடுத்துக் கொடுத்தவனே அவன்தான். வெறும் சுவர்கள் நின்றன. ஈரோட்டு லாரி வர இன்னும் நாளாகும்.

பேசிப் பார்த்தான். தண்ணீர்த் தொட்டிக்குள்ளிருந்து யாரோ ஹெல்மெட் போடச் சொல்வதுபோலக் கேட்டது.

முன்பானால் அதை அப்படியே அனுப்பிவிட்டு, அவள் கண்டுபிடிக்கும்வரை சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பான். இப்போதும் கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு ஸ்கிரிப்டின் பின்பக்கத்தில் ஏதோ எழுதினான். இரண்டு முறை முணுமுணுத்துப் பார்த்துவிட்டு ஷிஜாவைப் போனில் அழைத்தான்.

"சேட்டனா? போனா? அய்யோ, யாராவது மரிச்சோ?"

"இல்ல. கிட்டங்கி காலியாயிட்டு." ஒரு மூச்சு விட்டான். "ஓணத்துக்கு மூட்டையெல்லாம் வித்துப் போச்சு. எதிரொலிக்குது. பழசோட ஒட்டாது. துணி கட்டிட்டு மறுபடி எடுக்கேன். மதியத்துக்குக் கொஞ்சம் பிந்தும், ஒரு மணிக்குத் தாரேன். முடியலேன்னா அதுக்கு முன்னாடியே சொல்லிருதேன்."

மறுமுனையில் சத்தமே இல்லை. அந்த மௌனம் நயினாருக்குப் பிடிக்கவில்லை.

"சேட்டா, இத்தனையும் நீங்களா பேசினது? இல்ல, எழுதி வாசிச்சதா?"

"எழுதினதுதான். மூச்சு விடுத இடத்துல கோடு போட்டிருக்கேன்."

அவள் சிரித்து ஓய நேரமாயிற்று. "ஒரு மணி மதி, போதும். முன்னாலே சொன்னா நானும் வீடியோ கேட்ட கம்பெனியில முன்னாலே சொல்லலாம், அல்லே? போய் எடுங்க."

கடையில் மிஞ்சியிருந்த ஒரே சரக்கு, ஆளுயரச் சிங்கம் போட்ட ஊதா நிறப் படுக்கை விரிப்புகள். அண்ணாச்சி தாமே பார்த்து எடுத்தவை. ஓணக் கூட்டம்கூட அவற்றைத் தொடவில்லை.

"அதுல கை வைக்காதேயும்," என்றார். "நானே நின்னு எடுத்த டிசைனு."

"பாத்தாலே தெரியுது அண்ணாச்சி," என்றாள் பொன்செல்வி.

கயிறு கட்டிச் சிங்கங்களை மூன்று மடிப்பாகத் தொங்கவிட்டார்கள். மேலே ஒன்றை விரித்துப் பொன்செல்வி ஒரு முனையையும் அண்ணாச்சி மறுமுனையையும் பிடித்துக்கொண்டார்கள். நடுவில் நயினார் காதுகளில் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு பழைய பதிவின் மௌனத்தையும் இப்போது எடுத்த மௌனத்தையும் மாற்றி மாற்றிக் கேட்டான். இன்னும் இரண்டு விரிப்பு வாங்கிக் கட்டினான். மறுபடி கேட்டான்.

"அப்படி என்னதான்வே கேக்கீரு? குடும்." அண்ணாச்சி ஒற்றைக் கையால் வாங்கிக் காதில் வைத்தார். "ஒண்ணுமே கேக்கலியே!"

"அதத்தான் கேக்கேன்."

முதல் தடவை பொன்செல்வியின் வளையல் கிலுங்கியது. அவள் கழற்றிக் காய்ப்பையில் போட்டாள். இரண்டாம் தடவை நயினார் அழகாகப் பேசினான். "பட்டையைப் பூட்டாத ஹெல்மெட் வெறும் தொப்பி. விழும்போது முதலில் அதுதான் போகும்." வாக்கியம் முடிந்து அறை அடங்குவதற்குள் "சபாஷ்!" என்று கத்திவிட்டார் அண்ணாச்சி.

நயினார் அவரைப் பார்த்தான்.

"வைதா வைதுட்டுப் போவும்வே. இப்படிப் பாக்காதேயும்."

அடுத்த தடவை சரியாக வந்தது. ஒரு மணிக்கு முன்பே, எந்தப் பாகம், எந்த வரி என்று பெயரிட்டு ஃபைலை அனுப்பினான். ஷிஜா ஒரு கட்டைவிரலை மட்டும் அனுப்பினாள்.

அதன்பிறகு ஒன்றுமில்லை. திங்கள் போயிற்று. ஒவ்வொரு நாளாகப் போயிற்று. 'பிடிச்சுதா?' என்று தட்டுவான், அழிப்பான்.

"கேட்டுத்தான் பாருங்களேன்," என்றாள் பொன்செல்வி.

"குடுத்தாச்சு. நச்சரிக்கக் கூடாது. ஒட்டலேன்னா அவளே சொல்லுவா."

"பதில் வராம இருந்தா எப்படி இருக்கும்னு இப்ப தெரியுதா?"

அவன் புத்தகத்தை எடுத்து முகத்துக்கு நேராக வைத்துக்கொண்டான். அதற்குப் பின்னால் யோசித்துக்கொண்டிருந்தான். ஏதோ கேட்டுவிட்டுக் காத்திருப்பவருக்கு இந்த மௌனம் மெத்தென்று இருப்பதில்லை. காலிக் கிட்டங்கி மாதிரிதான் இருக்கிறது. இத்தனை வருஷம் இவள் அதற்குள்ளிருந்துதான் பேசிக்கொண்டிருந்தாளா?

வெள்ளிக்கிழமை சாயங்காலம் கூடத்தில் உட்கார்ந்திருந்தபோது செய்தி வந்தது. 'ஒட்டின இடம் எனக்கே தெரியல சேட்டா. பாக்கிப் பாகமெல்லாம் உங்களுக்குத்தான். ஸ்கிரிப்ட் இதோடு வருது. எப்போ தரும்?'

இரண்டு தடவை படித்தான். மனதுக்குள் சரி என்று சொன்னான். பிறகு கையாலும் தட்டினான். 'கிடைத்தது. ஞாயிறு மாலை தருகிறேன். ஈரோட்டு லாரி வந்துவிட்டது.'

போனைக் கீழே வைக்கவில்லை, மறுபடி மணியடித்தது. அடுக்களையிலிருந்து பொன்செல்வி, பழக்கதோஷத்தில், பதிலை எதிர்பார்க்காமல் கேட்டிருந்தாள். 'ராத்திரிக்குத் தோசையா, சப்பாத்தியா?'

நயினார் தட்டினான். 'கிடைத்தது. தோசை. எட்டு மணிக்கு வருகிறேன். பிந்தினால் முன்னதாகவே சொல்கிறேன்.'

அடுக்களையில் ஒரு பாத்திரம் கீழே விழுந்தது.

"இந்தாக் கெடக்கு அடுக்களை," என்று அவள் சிரிப்பது கேட்டது. "எட்டு மணிக்கு வாராராம்!"