நகர்த்தி வைத்த ஒன்பது புள்ளிகள்

ஜிஷா ஒன்பது புள்ளிகளைக் கொஞ்சம் நகர்த்தி வைத்தாள். அவ்வளவுதான் செய்தாள். அது வேறு யாருக்கும் தெரியாது என்பதே இப்போது அவளைப் பிடுங்கித் தின்றது.

திருவனந்தபுரத்து ஆய்வகம் ஒன்றில் அவளுக்கு வேலை. வருங்காலப் புயல்களில் கடல் எவ்வளவு ஏறும் என்று கணக்கிட வேண்டும். அதற்கான பெரிய காலநிலை மாடலை ஒருமுறை ஓட்ட மூன்று நாள் ஆகும். லட்சம் விதமான புயலை அப்படி ஓட்டிப் பார்க்க ஏழு ஜென்மம் போதாது. ஆகவே நூறு புயலை மட்டும் ஓட்டி, அந்த விடைகளைக் கொண்டு எமுலேட்டர் என்ற குட்டி மாடலைப் பழக்கினாள். மிச்சப் புயலுக்கெல்லாம் அது நொடியில் பதில் சொல்லிவிடும். ஆனால் ஒவ்வொரு புயலும் ஒரு புள்ளி; அந்த நூறு புள்ளிகளையும் கடலின் சூடு, காற்றின் வேகம், புயல் நகரும் வேகம் என்று எல்லாப் பக்கமும் பரவலாகத் தூவ வேண்டும். எந்த மூலையும் காலியாகக் கிடக்கக் கூடாது. குட்டி மாடலுக்கு வெட்கம் கிடையாது. தெரியாத மூலையைக் கேட்டாலும் தெரிந்த மாதிரியே பேசும்.

அவளும் ஒழுங்காகத்தான் தூவினாள். ஒன்பது ஓட்டங்கள் பாதியில் நின்றுவிட்டன. எந்தக் கடல்சுவர் தாங்கும் என்று சொல்லும் அறிக்கைக்கோ கெடு நெருங்கிவிட்டது. தள்ளி வைத்தால் ஓடிவிடுமே என்று அந்த ஒன்பதையும் சாதுவான புயல்களாக மாற்றினாள். ஓடின. யாரிடமும் மூச்சு விடவில்லை.

அறிக்கை போன பிறகுதான் கவனித்தாள். நின்றுபோன ஒன்பதும் ஒரே மூலை: சூடான கடலில் நகராமல் நின்று அடிக்கும் புயல்கள். அதில் ஒன்றை மட்டும் எடுத்து, நின்றுவிடாதபடி கணக்கைச் சின்னச் சின்ன அடிகளாக வெட்டி, பத்து நாள் பொறுமையாக ஓட்டினாள். அந்தப் புயலுக்குக் குட்டி மாடல் சொல்லியிருந்தது இரண்டு மீட்டர். பெரிய மாடல் மூன்றரை என்றது. அவள் ஊர்க் கடல்சுவரின் உயரம் இரண்டரை.

இரணியலில் ரயிலைவிட்டு இறங்கி அவள் வீடு சேர்ந்தபோது அப்பா ஜஸ்டஸ் வெள்ளைச் சட்டை போட்டு மாதா கோயிலுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். பூசை முடிந்ததும் கையெழுத்து. மேட்டில் இடம் தருகிறோம், வேண்டுமா வேண்டாமா எழுதிக் கொடுங்கள் என்று அதிகாரிகள் கேட்டிருந்தார்கள். கடலைவிட்டு எட்டு கிலோமீட்டர் தள்ளிப் போய் மீன்பிடிக்கிறவன் என்ன செய்வான்?

"இங்கயே இருக்கோம்னு எழுதப் போறோம். சுவரு தாங்கும்னு எனக்க மவளே கணக்குப் போட்டுச் சொல்லிட்டா, பொறவு என்ன?" என்றார் பெருமையாக.

ஜிஷா எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். "ஊரு முன்னால இத சொல்லாத ஏட்டி, மானம் போயிரும்" என்று அம்மா வேளாங்கண்ணி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஒம்பது வாட்டி அது முடியாம நின்னிருக்கு. நீ கேள்விய மாத்திட்ட" என்றார் ஜஸ்டஸ். "வா. நீயே வந்து சொல்லு."

கோயில் முற்றத்தில் அறுபது வீட்டுக்காரர்கள் கூடியிருந்தார்கள். "நான் அறிக்கையில சொன்னது தப்பு. சுவரத் தாண்டித் தண்ணி வரும்" என்றாள் ஜிஷா. அடுத்த வீட்டு பிலோமி மாமி எழுந்தாள்.

"அன்னைக்கு எத்தன புயலப் பாத்துச் சொன்ன மக்கா?"

"நூறு, மாமி."

"இப்பம்?"

"ஒண்ணு."

"நூற விட்டுட்டு ஒண்ண நம்பச் சொல்லுதியா?"

"அந்த நூறுல ஒண்ணுகூட இந்த மூலைக்குப் போகல மாமி. நாந்தான் தள்ளி வச்சேன்."

மாமியிடம் கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை என்றிருந்தது ஜிஷாவுக்கு. "அப்பம் உனக்க நூறும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். எனக்க பயலுவ மூணு பேரும் கடலுக்குப் போறவனுவ. நான் இங்கதான் இருப்பேன்" என்று சொல்லி, மேசைக்குப் போய் முதல் கையெழுத்தைப் போட்டாள். மற்றவர்கள் அவள் பின்னால் வரிசையில் நின்றார்கள். யாரும் ஜிஷாவைத் திட்டவில்லை, திரும்பிப் பார்க்கவும் இல்லை.

கடைசியாக ஜஸ்டஸ் போனார். பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு கடல் பக்கம் ஒருமுறை பார்த்தார். பிறகு, மேட்டில் இடம் வேண்டும் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அந்தத் தாளில் அப்படி எழுதியது அவர் ஒருவர்தான்.